செந்தூர்வேல் சொன்ன எஞ்சின்

செந்தூர்வேலிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டு முடிவு செய்ததில்லை. பதினெட்டு வருஷமாக அவர் பாஸ்கல் சாரின் டிரைவர். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ஓட்டலில் நிறுத்த வேண்டும், ஏ.சி. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் சார் சொல்வார், இவர் செய்வார். அதனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் ஹார்பர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி மாட்டிக்கொண்டு நின்றபோது பின் சீட்டிலிருந்து வந்த கேள்வி தனக்கானது என்றே அவருக்கு முதலில் படவில்லை. சார் போனில் யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தார்.

"வேலு, ஒன்னத்தான் கேக்கேன். பெட்ரோலா, டீசலா?"

"எது சார்?"

"புது வண்டிதாம்லே. வண்டி முடிவு பண்ணியாச்சு. கலர் ஹில்டா பாத்துட்டா. எஞ்சின் மட்டும்தான் பாக்கி. பெட்ரோல்லயும் இருக்கு, டீசல்லயும் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள மதுரை ஷோரூம்காரனுக்குச் சொல்லணும். எது நல்லதுன்னு நீயே சொல்லிரு."

"நானா சார்?"

"பின்ன? ஓட்டப்போறது நீதானே."

டீசல் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. செந்தூர்வேலுக்கு வயது நாற்பத்தொன்பது. ஆறுமுகநேரியில் உப்பளத் தொழிலாளி வீட்டில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் தூத்துக்குடிக்கு வந்து கண்டெய்னர் லாரி ஓட்டியவர். அங்கிருந்து சாரிடம் வந்து குவாலிஸ், பிறகு இன்னோவா. எல்லாமே டீசல். பெட்ரோல் என்றால் அவருக்கு அது ஸ்கூட்டருக்குப் போடுவது. ஆனாலும் அவர் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டவரோ துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்துபவர், கொழும்புக்குத் தோணி விட்ட குடும்பம், கஸ்டம்ஸ் அதிகாரிகளே யோசனை கேட்கும் ஆள். அப்படிப்பட்டவர் கேட்டதற்கு உடனே பதில் சொல்வது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

"விசாரிச்சுச் சொல்லுதேன் சார்" என்றார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்று மத்தியானமே முத்தையாபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் டிக்சனிடம் போனார். டிக்சன் இவரைவிடப் பத்து வயது சின்னவன். ஆனால் புது வண்டிகளின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

"டீசல்தானே நல்லது?" என்று கேட்டார் செந்தூர்வேல். ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் போயிருந்தார்.

டிக்சன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இழுவைக்கு டீசல்தான் அண்ணாச்சி. ஆனா இப்ப வார டீசல் வண்டியில சைலன்சருக்கு முன்னால ஒரு ஃபில்டர் வச்சிருக்கான். புகையில உள்ள கரிய எல்லாம் அது புடிச்சு வச்சிக்கிடும். வண்டி ஹைவேயில நல்லா ஓடி சூடாச்சுன்னா, அந்தக் கரி தானா எரிஞ்சி போயிரும். மீன் மார்க்கெட்டுக்கும் ரோச் பூங்காவுக்கும் ஓட்டிட்டிருந்தா சூடே ஏறாது. ஃபில்டர் அடைச்சுக்கிடும்."

"அப்ப பெட்ரோலா?"

"பெட்ரோல்ல அந்தத் தொல்ல இல்ல. ஆனா நல்லா குடிக்கும். இப்ப எத்தனால் வேற கலக்கான்."

"எதத்தான்லே வாங்கச் சொல்லுத?"

"அது வண்டியில இல்ல அண்ணாச்சி. நீங்க எங்க போறிய, அதச் சொல்லுங்க."

இது சுலபமான கேள்வியாக இருந்தது. "சென்னை, கொச்சி, மதுரை. எங்க சார் ஓயாம ஓடுத ஆளுல்லா" என்றார் செந்தூர்வேல்.

"கடைசியா சென்னைக்கு எப்பம் போனிய?"

செந்தூர்வேல் வாயைத் திறந்தார். சார் மகன் அமலன் சென்னையில் ஃபிளாட் வாங்கிப் பால் காய்ச்சியபோது போனார்கள். அது இந்த வருஷம் இல்லை. போன வருஷமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அமலன்தான் விமானத்தில் வந்தான், வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிவந்தார்கள். கொச்சி? கொரோனாவுக்கு முன்னால். சாயர்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனது நினைவு வந்தது. அரை மணி நேரத்தில் போகிற சாயர்புரம் தூரமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"நெறைய போவோம்லே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இன்னோவாவின் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டுவது. மற்ற டிரைவர்கள் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவார்கள். செந்தூர்வேல் கிழிக்க மாட்டார், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அன்று வெயிலில் குனிந்து நின்று அவற்றைப் படித்தார். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் மட்டும் ஐந்து ஸ்டிக்கர். பத்தாயிரம் கிலோமீட்டர் இரண்டு இரண்டரை மாதத்தில் ஓடியிருக்கிறது. இருபதில் ஒன்று. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்றுகூட இல்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், அவர் தினமும் காலை எட்டரைக்கு வருகிறார், ராத்திரி எட்டுக்கு வீட்டுக்குப் போகிறார், அசதியாகத்தான் இருக்கிறது. வேலை குறைந்ததே தெரியவில்லை. ஐந்து வருஷமாகத் தான் என்னதான் செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தபடியே வண்டியை எடுத்தார். ஒர்க்‌ஷாப் வாசலில் இடது பக்கம் திரும்ப வேண்டியவர் வலது பக்கம் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்கில் ஜோன்ஸைப் பார்த்தார். ஜோன்ஸ் ஒரு டாக்டரின் டிரைவர், பெட்ரோல் சொகுசு வண்டி ஓட்டுகிறவன். "சத்தமே இருக்காது அண்ணாச்சி, ஆனா நான் நாலு நாளைக்கு ஒருக்க இங்கதான் நிக்கேன்" என்றான். மத்தியானம் கார் ஷெட்டில் உட்கார்ந்து போனில் நாலைந்து வீடியோ பார்த்தார். ஒருவர் டீசல் என்றார், ஒருவர் பெட்ரோல் என்றார், ஒருவர் இரண்டும் வேண்டாம் கரண்ட் வண்டி என்றார். இன்னொருவர் டெல்லியில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டியை ஓடவிட மாட்டார்கள் என்றார். டெல்லிக்குப் போகப்போவதில்லை என்று தெரிந்தும் அந்தக் கவலை சாயங்காலம்வரை அவரை விடவில்லை.

புதன்கிழமை ஹில்டா அம்மாவை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். சாரின் மனைவி. பேச்சில் கள்ளம் இல்லாதவர். சீலா மீன் வாங்கிவிட்டு வந்து ஏறியதும் அவரே ஆரம்பித்தார்.

"வேலு, சார் ஒங்ககிட்டதான் கேட்டிருக்காராமே. பெட்ரோலே சொல்லிருங்க. இந்தக் கடகட சத்தம் போதும்னு ஆயிட்டு. ஆட்டோமேட்டிக் வேற. கிளட்ச் கெடையாது, கியர் கெடையாது. இங்கன இருக்க ஆபீஸுக்கு சாரே ஓட்டிக்கிடலாம்னு அமலன் சொல்லுதான். ஒங்களுக்கும் ரெஸ்ட் வேணும்லா? எத்தன வருசம் ஓட்டிட்டிய."

அன்பாகத்தான் சொன்னார். செந்தூர்வேல் "சரிம்மா" என்றார். வீடு வந்தது, மீன் பையை எடுத்துக்கொடுத்தார். வண்டியைக் கழுவினார். கழுவிய வண்டியை அரை மணி நேரம் கழித்து மறுபடியும் கழுவினார்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவி பிரேமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிரேமா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கேட்பவர்களுக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிப் பழக்கம்.

"டீசல்னு சொல்லிருங்க. இதுல என்ன யோசன?"

"அது பொய்யில்லா?"

"என்ன பொய்யி? நீங்க என்ன எஞ்சினியரா? ஒங்களுக்குத் தெரிஞ்சது டீசல். தெரிஞ்சதச் சொல்லுதிய."

"எனக்கு இப்ப தெரிஞ்சு போச்சே."

"தெரியாத மாதிரி இருங்க."

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. படுத்தபிறகு யோசித்தார். டீசல் என்றால் தூர ஓட்டம், தூர ஓட்டத்துக்கு டிரைவர் வேண்டும். அது தனக்காகச் சொன்னதாகிவிடும். பெட்ரோல் என்றால்? அது சாருக்காகவா, இல்லை, தான் நேர்மையானவன் என்று தனக்கே காட்டிக்கொள்ளவா? தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிறவனை நேர்மையானவன் என்பார்களா, கிறுக்கன் என்பார்களா? டிக்சனிடம் போகாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார். ஸ்டிக்கரைக் கிழித்துக் கிழித்து ஒட்டியிருக்கலாம் என்றும் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போனார்கள், ஓட்டிப் பார்க்க. ஷோரூமில் அனிஷ் என்றொரு பையன், டை கட்டியவன், முதலில் பெட்ரோல் வண்டியைக் காட்டினான். செந்தூர்வேல் ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் அமுக்கினார்.

"அண்ணா, ஆன்லதான் இருந்துச்சு. இப்பதான் ஆஃப் பண்ணிட்டீங்க" என்றான் அனிஷ்.

பின்னால் சார் சிரித்தார். அந்த வண்டியை ஓட்டும்போது தான் ஓட்டுகிறோமா அது தானாகப் போகிறதா என்றே செந்தூர்வேலுக்குப் புரியவில்லை. அடுத்து டீசல். அமுக்கியதும் ஒரு சின்ன உறுமல், காலுக்கடியில் ஒரு லேசான நடுக்கம். சுற்றுச்சாலையில் ஏறி மிதித்தபோது வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது. தெரிந்த ஆளைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. இதுதான் என்று நெஞ்சு சொன்னது. நெஞ்சு சொல்வது யாருக்காக என்பதுதான் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அனிஷ் டிக்சனின் கேள்வியையே கேட்டான். "சார், உங்க ரன்னிங் எப்படி? லாங் அடிக்கடி போவீங்களா?"

"மாசத்துக்கு ரெண்டு சென்னை. ஒரு கொச்சி. மத்தபடி மதுரை, திருச்சின்னு இருந்துட்டே இருக்கும்" என்றார் பாஸ்கல் சார்.

செந்தூர்வேல் சாரின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பையனுக்கு முன்னால் பெருமைக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தார். இல்லை. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கேட்ட முகவரியைச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் அதை நம்பினார். அவருக்கும் தெரியாது.

"அப்ப டீசல்தான் சார் உங்களுக்கு" என்றான் அனிஷ்.

"எங்காளு சொல்லட்டும்" என்றார் சார்.

வழியில் அருப்புக்கோட்டை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். டீயை வாங்கிக்கொண்டு வண்டியோரம் வந்து நின்று, "இப்ப சொல்லு. எது?" என்று கேட்டார்.

செந்தூர்வேலின் கையில் டம்ளர் சுட்டது. டீசல் என்றுதான் சொல்லப்போனார். பிரேமா சொன்னது சரி என்று தீர்மானித்துத்தான் மதுரையிலிருந்து ஓட்டிவந்தார்.

"பெட்ரோல் சார்" என்றார்.

சார் இதை எதிர்பார்க்கவில்லை. "ஏன்லே? அங்கன டீசல ஓட்டும்போது ஒம்மூஞ்சிய கண்ணாடியில பாத்தேனே?"

"நல்ல வண்டிதான் சார். ஆனா நாம இப்ப தூரமா எங்கயும் போறதில்ல. டவுனுக்குள்ளயே ஓட்டினா கரி அடைச்சுக்கிடும்னு சொல்லுதாங்க."

"போறதில்லன்னு யாரு சொன்னா?"

செந்தூர்வேல் இன்னோவாவின் கதவைத் திறந்து ஸ்டிக்கர்களைக் காட்டினார். பாஸ்கல் சார் டம்ளரை வண்டிமேல் வைத்துவிட்டுக் குனிந்தார். கப்பல் பேப்பர்களைப் படிப்பது மாதிரி விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. வேறு என்ன இருந்தது என்று செந்தூர்வேலுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"போலாம்" என்றார். ஏறி உட்கார்ந்தார். டீயைக் குடிக்கவே இல்லை. தூத்துக்குடி வந்து, வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "நாளைக்கு வர வேண்டாம், லீவு எடுத்துக்க" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் கேட்காமல் கிடைத்த முதல் லீவு. சனியும் ஞாயிறும் செந்தூர்வேல் வீட்டில் இருந்தார். பிரேமா ஒரு தடவை மட்டும், "சட்டையெல்லாம் தேச்சு வைக்கவா, வேண்டாமா?" என்றாள். "வை" என்றார்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் போனார். சார் வழக்கம்போல் பின்னால் ஏறினார், வழக்கம்போல் போன் பேசினார். ஆபீஸில் விஜிலா என்ற கிளார்க் பெண்தான், "அண்ணாச்சி, சார் சனிக்கிழமையே டீசல் புக் பண்ணிட்டாங்களே, தெரியாதா?" என்று கேட்டாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். வேலை போகவில்லை. படிக்கட்டில் இறங்குவதற்குள் அது போய்விட்டது. கேட்டார், சொன்னோம், சொன்னபடி செய்யவில்லை. நம்பவில்லையா? நம்பினதால்தான் இப்படிச் செய்தாரா? இல்லை, தன் பிழைப்பை நினைத்துச் செய்தாரா? அப்படியென்றால் நன்றி சொல்ல வேண்டுமா? எதற்கென்று சொல்வது? சாரிடம் கேட்க வாய் வரவில்லை. சாரும் சொல்லவில்லை.

வண்டி வந்தது. கருநீலம். பனிமய மாதா கோயில் வாசலில் ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பிரேமா கொடுத்துவிட்ட எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தில் வைக்கலாமா என்று செந்தூர்வேல் தயங்கியபோது, "வையுங்க, நல்லதுதானே" என்றார் ஹில்டா அம்மா. பிறகு அந்த வண்டி ஆபீஸுக்குப் போனது, மார்க்கெட்டுக்குப் போனது, டாக்டரிடம் போனது. சென்னைப் பயணம் இரண்டு தடவை முடிவாகியும் நடக்கவில்லை. ஒரு தடவை கூட்டம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிட்டது, ஒரு தடவை மழை.

மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை காலை டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. செந்தூர்வேல் அனிஷுக்குப் போன் போட்டார். "ஒண்ணும் பயப்படாதீங்கண்ணா. ஹைவேயில அறுபதுக்கு மேல, நிக்காம ஒரு அரை மணி, முக்கா மணி ஓட்டுங்க. கரி எரிஞ்சதும் விளக்கு அணைஞ்சிடும்."

சாரிடம் சொல்லியாக வேண்டும். அதுதான் சங்கடம். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்வது போல் ஆகிவிடுமே. ஐந்து நிமிஷம் கதவோரம் நின்றுவிட்டுச் சொன்னார்.

"எங்க போணும்?" என்று கேட்டார் சார்.

"எங்கயும் போவேண்டாம் சார். சும்மா போயிட்டுத் திரும்பி வரணும். அவ்வளவுதான்."

"சரி, போயிட்டு வா."

செந்தூர்வேல் கேட்டைத் தாண்டுவதற்குள் சார் வீட்டுச் செருப்போடு வெளியே வந்து கையைக் காட்டினார். பின் கதவைத் திறக்கவில்லை. முன்னால் வந்து ஏறினார்.

மதுரை ரோட்டைப் பிடித்தார்கள். டோல்கேட் தாண்டியதும் கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிந்தது. காற்றாலைகள் சுற்றின. வண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தது. எட்டயபுரம் வருவதற்கு முன்னால் விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிட்டு சார். திரும்பலாமா?"

"இன்னும் கொஞ்சம் போ."

கொஞ்ச தூரம் போனபிறகு சார் பேசினார். "ஒவ்வொரு திங்கக்கிழமையும் இந்த வாரம் சென்னை போவோம்னு நெனப்பேன்லே. நெனச்சது எல்லாம் போன கணக்குலயே சேந்திருக்கு."

"மீட்டிங் எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துட்டுல்லா சார்."

"அங்கன யாருக்கும் நான் நேருல வேண்டியதில்ல. அதான் விசயம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொன்னது சரின்னு அன்னைக்கே தெரியும். அதுக்காகப் பெட்ரோல் வாங்க முடியுமா?"

செந்தூர்வேலுக்கு இது விளங்கின மாதிரியும் இருந்தது, விளங்காத மாதிரியும் இருந்தது. "சரி சார்" என்றார்.

திரும்பும் இடத்தில் சார் இறங்கிச் சுற்றிவந்தார். "நகரு, நான் ஓட்டுதேன்." செந்தூர்வேல் இறங்கினார். அப்புறம் எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் சாருக்குத் திறப்பதுபோலப் பின்கதவைத் திறந்தார். திறந்தபிறகு அங்கே தானா உட்காருவது என்று மூடினார். ரோட்டோரம் நின்றார்.

"ஏலே, முன்னால ஏறு" என்று சார் கத்தினார்.

தூத்துக்குடிவரை செந்தூர்வேலின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. சார் நன்றாகத்தான் ஓட்டினார்.

இப்போது ஒரு வியாழக்கிழமை விட்டு ஒரு வியாழக்கிழமை இருவரும் கிளம்புகிறார்கள். போகும்போது செந்தூர்வேல், வரும்போது சார். சில நாள் ஓட்டப்பிடாரம் பக்கம், சில நாள் திருநெல்வேலி ரோடு. ஹில்டா அம்மா ஒரு தடவை வந்தார், சத்தத்தைக் குறை சொன்னார், அடுத்த தடவையும் வந்தார். அமலன் போனில், கரியை எரிக்க டீசலை எரிக்கிற கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். டாக்டர் வண்டி மாற்றப்போகிறார், எது வாங்கலாம் என்று ஜோன்ஸ் கேட்டபோது செந்தூர்வேல் ஒருநாள் பெட்ரோல் என்றார், அடுத்த வாரம் டீசல் என்றார். "என்ன அண்ணாச்சி, மாத்தி மாத்திச் சொல்லுதிய?" என்றான் அவன். அவரும் யோசித்துப் பார்த்தார். இரண்டும் சரியாகத்தான் பட்டது.

போன வியாழக்கிழமை, சென்னைவரை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனார்கள். விளக்குகூட எரியவில்லை. வேம்பாரில் திரும்புவதாகப் பேச்சு. வேம்பார் வந்தது, போனது. பன்னிரண்டு மணி வாக்கில் சார் போனை அவரிடம் நீட்டி, "மத்தியானச் சாப்பாடு வேண்டாம்னு ஹில்டாகிட்ட சொல்லிரு" என்றார். செந்தூர்வேல் வண்டியை ஓரங்கட்டிப் பேசினார்.

"எங்க போறிய ரெண்டு பேரும்?" என்று கேட்டார் அம்மா.

செந்தூர்வேல் சாரைப் பார்த்தார். சார் இவரைப் பார்த்தார்.

"சாயல்குடி தாண்டிட்டோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.